கடலோர பேரூராட்சிக்கு எஸ்டிபி (சாக்கடைத் தண்ணிய சுத்தம் பண்ற நிலையம்) வரப்போகுது, எந்த மாதிரி சரிப்படும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க

தோப்புத்தம்பி:

வணக்கம். தஞ்சாவூர் மாவட்டத்துல பாக் ஜலசந்தி ஓரம் ஒரு பேரூராட்சி எங்க ஊர், பேரு வேண்டாம். 8 ஆயிரம் ஜனம் சொச்சம், பாதி பேருக்கு கடல் தொழில், மீதி பேருக்கு தென்னந்தோப்பு, வீட்டுக்கு ஒருத்தராவது வளைகுடாவுலயோ சிங்கப்பூர்லயோ இருப்பாங்க. இப்ப பாதாள சாக்கடையும் அதோட 10 லட்சம் லிட்டர் எஸ்டிபியும் போடப்போறதா பேச்சு, இடம் ஊருக்குக் கிழக்க உப்பங்கழி பக்கம் இருக்குற புறம்போக்கு, 3 ஏக்கர் இருக்கும். எங்க சின்னம்மா அந்த வார்டு கவுன்சிலர், தினம் வாசல்ல நாலு பேரு வந்து நின்னு சத்தம் போட்டுட்டுப் போறாங்க, ஒருத்தர் நாத்தம் அடிக்கும்ங்கிறாரு, ஒருத்தர் கடல்ல விட்டா நண்டு செத்துப்போகும்ங்கிறாரு, இன்னொருத்தர் யாருக்கும் வேணாம்னா என் தோப்புக்கு விடுங்க நான் காசு தரேங்கிறாரு. சின்னம்மா என்னையக் கூப்பிட்டு நீதான் டிப்ளமோ படிச்சிருக்கியே விசாரிச்சுச் சொல்லுன்னுட்டாங்க. நான் படிச்சது ஆட்டோமொபைல்.

இப்ப நிலைமை என்னன்னா எல்லா வீட்டுலயும் செப்டிக் டேங்க்னு ஒண்ணு இருக்கு, அதுல பாதி உறை இறக்கின குழிதான், அடியில சிமெண்ட் கிடையாது. எங்க தாத்தா வீட்டு டேங்க் 20 வருஷமா நிறையவே இல்லன்னு பெருமையா சொல்லுவாரு. நிறையிற வீட்டுக்கு லாரி வந்து உறிஞ்சிட்டுப் போகும், ராத்திரி அது எங்க போய் கொட்டுதுன்னு ஊருக்கே தெரியும். குளிக்கிற தண்ணி, பாத்திரம் கழுவுற தண்ணி எல்லாம் தெருச் சாக்கடை வழியா உப்பங்கழிக்கு. ஐப்பசி கார்த்திகையில 4 அடி தோண்டினா தண்ணி வந்துரும், கஜா புயல் அப்ப வாரக்கணக்குல கரண்ட் இல்ல. இந்த ஊருக்கு எஸ்பிஆர் எம்பிபிஆர்னு மெஷின் வச்சு காத்து அடிச்சு ஓட்டுறது சரியா, இல்ல கல்வாழை நட்டு செய்றாங்களே டிவாட்ஸ்னு அது போதுமா? நேரா பதில் சொல்லுங்க, பகுதி சபை கூட்டம் வருது.

பழைய ஏஇ:

தம்பி, நகராட்சியில ஏஇயா (உதவிப் பொறியாளர்) இருந்து ரிட்டயர் ஆனவன் நான், இது மாதிரி டிபிஆர் (விரிவான திட்ட அறிக்கை) நிறைய புரட்டிப் பாத்தாச்சு. எந்த மெஷின்ங்கிற கேள்விய கடைசில வச்சுக்கங்க. முதல்ல அந்த 10 லட்சம் எங்கேருந்து வந்துச்சுன்னு கேளுங்க. குடிநீர், சாக்கடைக்குன்னு மத்திய அரசு அமைப்பு சிபிஹெச்இஇஓ போட்ட கையேட்டுல பாதாள சாக்கடை உள்ள ஊருக்கு தலைக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணி குடுக்கணும்னு இருக்கு, அதுல 80 சதவீதம் சாக்கடையா திரும்பி வரும்னு வச்சு 8,000 பேருக்குப் பெருக்கினா 8 லட்சத்து 64 ஆயிரம், அத ரவுண்டாக்கி 10 லட்சம்னு எழுதியிருப்பாங்க. உங்க ஊருக்கு கூட்டுக் குடிநீர் உண்மையில எவ்வளவு வருது? சாக்கடை இல்லாத ஊருக்கு அதே கையேட்டுல 70 லிட்டர்தான் கணக்கு, அது முழுசா வந்தாலே பெரிய விஷயம், அந்தக் கணக்குல பாத்தா நாலரை லட்சம் லிட்டர். அடிபம்பு தண்ணி, போர் தண்ணின்னு கொஞ்சம் கூட வரும், இருந்தாலும் 10 லட்சத்துக்குக் கட்டிப்புட்டு அதுல பாதி வந்தா உள்ள இருக்குற பாக்டீரியாவுக்கு தீனி பத்தாது, காத்து அடிக்கிற ப்ளோயர் மட்டும் கரண்ட்ட தின்னுட்டு இருக்கும்.

அடுத்தது சரிவு, இதுதான் கடலோரத்துல பெரிய தலைவலி, ஆனா கூட்டத்துல யாரும் கேக்க மாட்டாங்க. 6 இஞ்ச் சாக்கடைக் குழாய் அடைக்காம ஓடணும்னா 100 மீட்டருக்கு சுமாரா 60 சென்டிமீட்டர் இறங்கணும், அப்ப 1 கிலோமீட்டர் போறதுக்குள்ள 6 மீட்டர் ஆழத்துக்குப் போயிரும், உங்க ஊர் நிலமோ தட்டையா கிடக்கு, 4 அடியில தண்ணி. மணல்ல அந்த ஆழத்துக்கு வெட்டணும்னா தண்ணிய இறைச்சுக்கிட்டே வெட்டணும், பக்கத்து வீட்டு சுவர் வெடிக்கும், இல்லேன்னா நடுவுல ரெண்டு மூணு இடத்துல பம்ப் ஸ்டேஷன் வைக்கணும். அப்படி கஷ்டப்பட்டு போட்டாலும் ஏதாவது ஒரு ஜாயிண்ட் விட்டா உப்புத்தண்ணி உள்ள வந்துரும். கடல் தண்ணியில லிட்டருக்கு 35 கிராம் உப்பு, 2.7 கிராம் சல்பேட். நூத்துக்கு 5 பங்கு அது கலந்தாலே டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்ச உப்போட அளவு) லிட்டருக்கு 1,750 மில்லிகிராம் கூடும், சல்பேட் 135 மில்லிகிராம் கூடும். காத்து இல்லாத குழாய்ல அந்த சல்பேட்ட ஒரு வகை பாக்டீரியா ஹைட்ரஜன் சல்பைடா மாத்தும், அதுதான் அந்த அழுகின முட்டை நாத்தம். அந்த வாயு மேல ஏறி குழாயோட மேல் பக்கத்துல ஈரத்துல சேர்ந்து கந்தக அமிலமா மாறி கான்கிரீட்ட அரிச்சுப்புடும், அடிப்பக்கம் நல்லா இருக்கும், மேல் பக்கம் மாவா உதிரும். இன்னொண்ணு, எந்த எஸ்டிபியும் உப்ப எடுக்காது. உள்ள எவ்வளவு உப்பு வருதோ அவ்வளவும் வெளிய வரும், அதத்தான் உங்க தோப்புக்காரர் காசு குடுத்து வாங்கப் போறாரு.

அதனால என் கட்சி, வீட்டு செப்டிக் டேங்க ஒழுங்கா கட்டி, கசடு அதுலயே தங்கி வெறும் தெளிஞ்ச தண்ணி மட்டும் வெளிய வர்ற மாதிரி சின்னக் குழாய் போடுறது. கட்டி வராததால சரிவு கம்மியா இருந்தாலும் ஓடும், 2 அடி 3 அடி ஆழத்துலயே பிவிசி, ஹெச்டிபிஇ போட்டுக்கலாம், பெரிய மேன்ஹோலும் வேண்டாம். பிரேசில்ல நடால்னு கடலோர ஊர், அங்க 1980கள் ஆரம்பத்துலயே வேற ஒரு விதமா, வீட்டுக் கொல்லை வழியாவும் நடைபாதை ஓரமாவும் ஆழமில்லாம குழாய் போட்டு தெரு தெருவா சேர்த்தாங்க, அது இப்ப அந்த நாட்டுல பெரிய நகரத்துலயும் வந்துருச்சு. நம்ம ஊர்ல இத எழுதிக் குடுத்தா மேல ஒத்துக்க மாட்டாங்க, ரேட் புக்ல இல்லம்பாங்க, அது வேற கதை.

ஷிப்ட் ஆபரேட்டர்:

வேற ஒரு கடலோர ஊர்ல எஸ்டிபில வேலை பாக்குறேன், எங்களது காத்து அடிக்கிற டைப்பு. சார் சொன்னது கரெக்ட், ஆனா கட்டுறதுக்கு முன்னாடி உள்ள கதை அது, நான் கட்டினப்புறம் உள்ளத சொல்றேன்.

நாத்தம் பத்தி கேட்டீங்க. காத்து அடிக்கிற ஏரேஷன் டேங்க் ஒழுங்கா ஓடினா நாத்தம் வராது, மழை பேஞ்ச மண்ணு மாதிரி ஒரு வாசம் வரும் அவ்வளவுதான். நாத்தம் எல்லாம் குப்பைய வடிகட்டுற ஸ்கிரீன் சேம்பர்லயும் தண்ணி வந்து சேர்ற கலெக்ஷன் சம்ப்லயும்தான், அதுல டயப்பர், நாப்கின், துணி, ஷாம்பு கவர் மாட்டும், அத தினம் எடுத்து சுண்ணாம்பு போட்டு புதைக்கணும், ரெண்டு நாள் விட்டா பக்கத்து தெரு கம்ப்ளைண்ட்டு. நாங்க தினம் காலைல ஒரு லிட்டர் ஜாடியில டேங்க் தண்ணிய மொண்டு அரை மணி நேரம் வச்சுப் பாப்போம், அடியில கசடு 300 மில்லி கிட்ட நின்னு மேல தெளிஞ்சிருந்தா நிம்மதி, பிரவுன் கலரா இருக்கணும். கருப்பாச்சுன்னா காத்து பத்தல. ஜாடி முழுக்க கசடு இறங்காம மிதந்துச்சுன்னா அன்னைக்கு பொழுதே போச்சு. லேப் ரிப்போர்ட் வர்றதுக்கு முன்னாடியே ஜாடி சொல்லிரும்.

கடல் காத்து இருக்கே அதுதான் எங்களுக்கு முதல் எதிரி, பேனல் போர்டுக்குள்ள செம்பு எல்லாம் பச்சை பூத்துரும், கான்டாக்டர் ஸ்விட்ச் ஒட்டிக்கும், நட்டு போல்ட்டு கழட்டப் போனா தலை உடைஞ்சு கையோட வரும். ஸ்டெயின்லெஸ் போடுங்கன்னு டெண்டர்ல எழுதியிருந்தாலும் வந்து மாட்டுறப்ப ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) தான் மாட்டுவாங்க, காந்தம் ஒண்ணு பாக்கெட்ல வச்சிருங்க, எல்லா ஸ்டெயின்லெஸ்ஸுக்கும் இது பலிக்காது ஆனா ஜிஐய கண்டுபிடிக்க போதும். ப்ளோயர் ரிப்பேர்னா கோயம்புத்தூர்ல இருந்து ஆள் வரணும். வெயில் காலத்துல இன்னொரு சங்கடம், 30 டிகிரி தண்ணி லிட்டருக்கு ஏழரை மில்லிகிராமுக்கு மேல ஆக்சிஜன் பிடிக்காது, பாக்டீரியா பசி மட்டும் கூடிக்கிட்டே போகும், அப்பத்தான் ப்ளோயர் நிறைய ஓடணும், அப்பத்தான் லோ வோல்டேஜும். இந்த மாதிரி சின்ன பிளாண்ட்ல ஆயிரம் லிட்டருக்கு அரை யூனிட்ல இருந்து 1 யூனிட் வரைக்கும் போகும், உங்க நாலரை லட்சத்துக்கு தினம் 225ல இருந்து 450 யூனிட், பில்லு யாரு கட்டுவாங்கன்னு இப்பவே கேட்டுருங்க. முதல் 5 வருஷம் கட்டின கம்பெனி ஓட்டும், எல்லாம் பளபளன்னு இருக்கும், அப்புறம் பேரூராட்சி கைக்கு வரும், அப்புறம் சப் கான்ட்ராக்ட், எனக்கு சம்பளமே மாசம் தள்ளித்தான் வருது.

ராத்திரி லாரிக்காரன் வந்து மேன்ஹோல்ல கொட்டிட்டுப் போவான், அதையும் கவனிங்க. செப்டிக் டேங்க் கசடு சாதாரண சாக்கடைய விட 10 மடங்கு காட்டம், சில சமயம் அதுக்கும் மேல. சின்ன பிளாண்ட்ல ஒரு லாரி மொத்தமா கொட்டினா அந்த வாரம் ஜாடி கருப்புதான்.

சும்மா படிக்கிறவன்:

கூட்டத்துல இதெல்லாம் சொன்னா பாதி பேரு தூங்கிருவான் ப்ரோ. நாத்தம் வருமா வராதா, அத மட்டும் சொல்லுங்க.

தோப்புத்தம்பி:

ரொம்ப நன்றி ஏஇ சார், ஆபரேட்டர் அண்ணே. லாரி விஷயம் எங்க ஊர்ல அப்படியேதான். இன்னொரு கேள்வி, தண்ணிய கடல்ல விட்டா என்ன ஆகும்? பாம்பேல எல்லாம் கடலுக்குள்ள குழாய் போட்டு விடுறாங்கன்னு ஒருத்தர் அடிச்சு சொல்றாரு, நமக்கு மட்டும் எதுக்கு இவ்வளவு செலவுங்கிறாரு.

வலைக்காரர்:

அவர ஒரு நாள் என் போட்டுல ஏறச் சொல்லுங்க தம்பி. பாம்பேல 3 கிலோமீட்டருக்கு மேல குழாய் போகுது, அங்க ஏத்த வத்தம் பெருசு, இழுத்துட்டுப் போயிரும். நம்ம பக்கம் பாக் விரிகுடா மொத்தத்துக்கும் சராசரி ஆழமே 5 பாகம்தான் (ஒரு பாகம் 6 அடி), ஆழமான இடமே 7 பாகம், கரையில இருந்து 3 கிலோமீட்டர் போனாலும் கழியூன்றிப் போற தண்ணி. அங்க கொண்டுபோய் விட்டா எங்கயும் போகாது, அங்கயேதான் சுத்தும். கடல் புல்லு நம்ம பக்கம்தான் ஏராளம், நண்டு, இறால் குஞ்சு எல்லாம் அதுக்குள்ளதான் வளருது, ஆவுளியான்னு நாங்க சொல்ற கடல் பசு அதத்தான் மேயுது. 2022 செப்டம்பர்ல நம்ம தஞ்சாவூர், புதுக்கோட்டை கடல்ல 448 சதுர கிலோமீட்டர கடல் பசு காப்பகம்னு அரசாங்கமே அறிவிச்சாச்சு, நாட்டுலயே முதல் காப்பகம், அதுக்குள்ள குழாய் விட எவன் கையெழுத்து போடுவான்? சாக்கடைத் தண்ணியில உரம் இருக்கு இல்லையா, அது வந்தா புல்லு இலை மேல வழவழன்னு பாசி ஏறும், வெயில் படாம புல்லு செத்துரும். 

அதுக்காக நான் எஸ்டிபி வேண்டாங்கல, அத தெளிவா சொல்லிக்கிறேன். எங்க சங்கத்துல சில பேரு வேண்டாம்னு கொடி பிடிக்கிறாங்க, இப்ப மட்டும் என்ன பன்னீரா போகுது? உப்பங்கழி வாய் ஏற்கனவே கருப்பா கிடக்கு, வலைய அங்க இறக்கினா அலச முடியல. சுத்தம் பண்ணுங்க, பண்ணிட்டு கரையிலயே வச்சுக்கங்க.

வடக்குக்கரை:

நான் உங்களுக்கு எதிர்க்கரை, யாழ்ப்பாணம். உங்கட தாத்தா 20 வருஷமா குழி நிறையேல்லை எண்டு சொன்னதுக்குத்தான் எழுத வந்தனான். எங்கட ஊரிலயும் இதே பெருமைதான், மலசலகூடக் குழி நிறையாட்டி நல்ல குழி எண்டு சொல்லுவினம். நிறையேல்லை எண்டா அது எங்கயோ போகுது எண்டுதானே அர்த்தம். எங்களுக்குக் கீழ சுண்ணாம்புக் கல்லு, முழுக்க வெடிப்பும் குகையும், கீரிமலைக் கேணியில கடலுக்குப் பக்கத்தில நல்ல தண்ணி ஊறுறது அந்தப் பாதையால வாறதுதான். அதே பாதையாலதான் குழித் தண்ணியும் கிணத்துக்குப் போகுது. வலிகாமம் பக்கம் கன கிணறுகளில நைட்ரேட் கூட, உலக சுகாதார நிறுவனம் சொல்லுற அளவு லிட்டருக்கு 50 மில்லிகிராம், உங்கட இந்தியாவில 45. குழியும் காரணம், தோட்டத்துக்குப் போடுற யூரியாவும் காரணம், ரெண்டையும் பிரிச்சுச் சொல்லுறது கஷ்டம். கொதிக்க வைச்சாக் கிருமி சாகும், நைட்ரேட் போகாது, தண்ணி வத்த வத்த இன்னும் கூடும். கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணியில பால்மா கரைச்சுக் குடுத்தால் ரத்தத்தில ஒக்சிசன் குறைஞ்சு பிள்ளை நீலமாப் போகும்.

உங்களுக்கு மணல், எங்களை விடக் கொஞ்சம் வடிக்கும், ஆனா குழியின்ர அடியே தண்ணிக்குள்ள நிண்டா மணல் இருந்தென்ன இல்லாட்டி என்ன. அடிபம்புக்கும் குழிக்கும் எத்தனை அடி எண்டு அளந்து பாருங்கோ. எஸ்டிபிக்குச் சண்டை பிடிக்கிறவை முதல் தங்கட அடிபம்புத் தண்ணியை ஒருக்காச் சோதிக்கட்டும்.

கல்வாழை:

டிவாட்ஸ் பத்தி யாரும் பேசல, நான் பேசுறேன். பாண்டிச்சேரி தவளக்குப்பம் அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்குப் போய் பாருங்க தம்பி, கடலூர் ரோடு மேலயே இருக்கு, தினம் 2 லட்சம் லிட்டருக்கு மேல கழிவுநீர், 2003ல இருந்து டிவாட்ஸ்லதான் ஓடுது, அந்தத் தண்ணிதான் அங்க தோட்டத்துக்கு. முதல்ல கசடு தங்குற செட்லர், அப்புறம் தடுப்பு தடுப்பா கட்டின காத்து புகாத தொட்டி, தண்ணி ஒவ்வொரு அறையிலயும் கீழ போய் கசடுக்குள்ள புகுந்து மேல வரும், அப்புறம் ஜல்லிப் படுகையில நாணல், கல்வாழை, கடைசில வெயில் படுற குளம். சுத்திகரிப்புக்குன்னு ப்ளோயர் கிடையாது. குளிர் நாட்டுல இந்தக் காத்தில்லாத பாக்டீரியா சோம்பிக் கிடக்கும், நம்ம கடலோரத்துல வருஷம் முழுக்க தண்ணி 26, 28 டிகிரின்னு இருக்கறதால சூடு பண்ணாமலே வேலை பாக்கும். கஜா மாதிரி ஒண்ணு வந்து 2 வாரம் கரண்ட் போனா ஏரேஷன் டேங்க் அழுகிரும், திரும்ப கசடு வளர்க்க வாரக்கணக்காகும், இதுல ஒண்ணும் ஆகாது, பாக்டீரியா பட்டினியா கூட மாசக்கணக்குல தாங்கும். உங்களுக்கு 3 ஏக்கர் இருக்குங்கிறீங்க, அப்புறம் எதுக்கு மெஷின்?

ஷிப்ட் ஆபரேட்டர்:

கல்வாழை சார், ஆஸ்பத்திரியில தோட்டக்காரர் இருக்காரு, மெயின்டெனன்ஸ் ஆபீஸ் இருக்கு, கண்ணு முன்னாடியே இருக்கு. பேரூராட்சியில மெயின்டெனன்ஸே வேண்டாத சிஸ்டம்னு சொல்லித்தான் வித்துட்டுப் போறாங்க, அப்ப ஆளே போட மாட்டாங்க. ஜல்லி அடைச்சு தண்ணி மேல நின்னு கொசு பிடிச்ச படுகைய நான் பாத்திருக்கேன், ஜல்லிய அள்ளி கழுவித்தான் திரும்பப் போடணும், அது லேசான வேலையா? செட்லர்ல கசடு எடுக்காம விட்டா அதுதான் கதி. அப்புறம் கிருமி, உங்க படுகையில இருந்து வர்ற தண்ணி கண்ணுக்கு தெளிவா இருக்கும், கோலிஃபார்ம் (மலக் கிருமி) டெஸ்ட் குடுத்தா லட்சத்துல நிக்கும்.

கல்வாழை:

கோலிஃபார்ம் பத்தி சொன்னது நியாயம், அதுக்குத்தான் கடைசில குளம், போதலேன்னா குளோரின். ஆள் போடணும்ங்கிறதும் சரி. ஆனா ரெண்டு பேரு மண்வெட்டியோட ஓட்டுற பிளாண்ட்டும், கோயம்புத்தூர்ல இருந்து ஆள் வந்தாத்தான் ஓடுற பிளாண்ட்டும் ஒண்ணா? இதுல ஜல்லி அடைச்சா ஊர்க்காரனே சரி பண்ணிருவான்.

தோப்புத்தம்பி:

ஏஇ சார் உப்பு உப்புன்னு சொன்னதால ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கிட்டேன், அமாவாசை ஏத்தத்துல போய் பாத்தேன். மேலத்தெரு அடிபம்பு 900, தெருச் சாக்கடை காலைல 1,300, கடல் பக்கத்து தெருவுல ஒரு உறை கிணறு 3,400. உப்பங்கழியில வச்சா மீட்டர் எரர் காட்டிருச்சு. தோப்புக்காரர்கிட்ட சொன்னேன், தென்னை தாங்கும் போடாங்கிறாரு.

பழைய ஏஇ:

தென்னை தாங்கும், அவரு சொல்றது தப்பில்ல. 1,300 தண்ணிக்கு மணல் தரையில தென்னை கவலையே படாது, அதுவே வாழைக்கோ வீட்டுத் தோட்டத்துக்கோ குடுத்தா இலை ஓரம் கருகும். கடல் பக்கத்து தெருவையும் சேர்த்து ஆழமா குழாய் போட்டு அந்த 3,400 உள்ள வந்துருச்சுன்னா அவரே வேண்டாம்னுருவாரு. அதனாலதான் ஆழமா வெட்டாதீங்கன்னு சொன்னேன்.

கணக்கு பாருங்க. வெயில் காலத்துல வளர்ந்த மரத்துக்கு சொட்டு நீர்ல தினம் 60 லிட்டர்னு வைங்க, நாலரை லட்சம் லிட்டர் 7,500 மரத்துக்கு வரும், ஏக்கருக்கு 70 மரம்னா 107 ஏக்கர். கஜாவுல போனது போக இப்ப திரும்ப வச்ச கன்னெல்லாம் உங்க பக்கம் தண்ணிக்குத்தான் ஏங்குது, ஆள் கிடைக்காமப் போகாது. தேங்காய் மேல இருக்கு, தண்ணி வட்டப்பாத்தியில விழுது, கிருமி பயம் மத்த பயிர விட கம்மி, ஆனா தேங்காய் பொறுக்குறவங்க வெறுங்காலோட அந்த ஈரத்துல நடக்கக்கூடாது, அதனால குழாய் வழியாத்தான் விடணும், வாய்க்கால்ல விடக்கூடாது. நீங்க கூட்டத்துல கேக்க வேண்டியது ஐப்பசி கார்த்திகையப் பத்தி. அப்ப தோப்புக்காரர் கேட்ட மூடிருவாரு, மழையில சாக்கடைக்குள்ள தண்ணி இன்னும் கூட வரும், அந்த 2, 3 மாசத் தண்ணி எங்க போகும்? அதுக்கு பதில் டிபிஆர்ல இல்லேன்னா அது வலைக்காரர் சொன்ன உப்பங்கழிக்குத்தான் போகும், எழுதி வச்சுக்கங்க.

அப்புறம் டெண்டர்ல எந்த அளவு சுத்தம்னு போட்டிருக்குன்னும் பாருங்க. 2017 மத்திய அரசு அறிவிக்கையில பெருநகரம் இல்லாத ஊருக்கு பிஓடி (தண்ணியில மிச்சம் இருக்குற அழுக்க காட்டுற அளவு) 30, கோலிஃபார்ம் நூறு மில்லியில 1,000. 2019 ஏப்ரல்ல பசுமைத் தீர்ப்பாயம் அத இன்னும் இறுக்கி பிஓடி 10, கோலிஃபார்ம் 230, நைட்ரஜன் 10னு சொல்லிருச்சு. பிஓடி 30னா டிவாட்ஸ நல்லா கட்டி குளத்தோட கொண்டுவந்துரலாம். நைட்ரஜன் 10 வேணும்னா கல்வாழை மட்டும் போதாது, காத்து அடிக்கிற ஒரு கட்டம் வந்தே தீரும். கல்வாழை சார் கோவிச்சுக்காதீங்க.

உப்பங்கழி பக்கம்ங்கிறதால சிஆர்இசட் (கடலோர ஒழுங்குமுறை மண்டலம்) அனுமதி கேக்கணும், அலையாத்தி இருந்துச்சுன்னா அந்த இடத்த மறந்துருங்க. டேங்க் கட்டுறப்ப ஒண்ணு, 3 மீட்டர் ஆழ தொட்டிய மழைக்காலத்துல கழுவணும்னு காலி பண்ணா, வெளிய தண்ணி மட்டம் அடித்தளத்துக்கு இரண்டரை மீட்டர் மேல நின்னா, சதுர மீட்டருக்கு இரண்டரை டன் மேல தள்ளும், தொட்டி படகு மாதிரி கிளம்பிரும். அடித்தளத்த வெளிய நீட்டி மண் பாரம் ஏத்தியிருக்காங்களான்னு டிராயிங்ல பாருங்க.

என்னையக் கேட்டா பெரிய சாக்கடைத் திட்டத்துக்கு முன்னாடி லாரிக் கசடுக்கு ஒரு வழி பண்ணச் சொல்லுவேன். தமிழ்நாட்டுல இதுக்குன்னு முதல்ல கட்டினது மதுராந்தகம் பக்கத்துல கருங்குழி பேரூராட்சி, உங்க ஊர் மாதிரி சின்ன ஊர்தான், தினம் 23 ஆயிரம் லிட்டர் கசடு, காய வைக்கிற படுகை, வடியிற தண்ணிக்கு அதே தடுப்புத் தொட்டி, நாணல் படுகை. பக்கத்து ரெண்டு மூணு ஊர் சேர்ந்து ஒண்ணு கட்டிக்கலாம், ஒரு ஏக்கர் இருந்தா தாராளம். லாரிக்கு லைசென்ஸ், ஜிபிஎஸ் எல்லாம் இப்ப விதியிலயே இருக்கு, 14420க்கு கூப்பிட்டா லாரி வரணும், கேக்க ஆள் இல்லாததால ஓடைக்குப் போகுது. அடியில்லாத குழிய அடைச்சு டேங்க் கட்ட வீட்டுக்காரங்களுக்கு பணம் குடுத்தாலே பாதி வேலை முடிஞ்சிரும், ஆனா அதுக்கு திறப்பு விழா வைக்க முடியாதே.

ஷிப்ட் ஆபரேட்டர்:

லாரி பேச்சு வந்ததால ஒண்ணு மட்டும். டேங்குக்குள்ள, மேன்ஹோலுக்குள்ள, சம்புக்குள்ள மனுஷன் இறங்கக்கூடாது, பாதுகாப்பு கருவி இல்லாம இறக்குறதுக்கு 2013 சட்டத்துலயே தடை, செத்தா 30 லட்சம் குடுக்கணும்னு 2023ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. மணல் பாங்கான ஊர்ல சம்ப் பம்ப் அடிக்கடி மணல் அடைக்கும், யாராச்சும் ஒருத்தன் அஞ்சு நிமிஷ வேலைதானேன்னு இறங்குவான். பம்ப்ப செயின்ல மேல தூக்குற மாதிரி கைடு ரெயில் போட்டிருக்காங்களான்னு பாருங்க, அத விட்டுட்டுத்தான் காசு மிச்சம் பண்ணுவாங்க.

தோப்புத்தம்பி:

சின்னம்மாகிட்ட எல்லாத்தையும் படிச்சுக் காட்டினேன். கார்த்திகை தண்ணி எங்க போகும்ங்கிற கேள்விய அவங்களே கேக்கறேன்னுட்டாங்க. கூட்டம் தள்ளிப் போயிருக்கு, அதுக்குள்ள டிபிஆர் காப்பி கேட்டு மனு குடுத்தாச்சு. தாத்தா மட்டும் இன்னும் குழி நல்ல குழிங்கிறாரு, அடிபம்புத் தண்ணிய டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கேன். டிபிஆர் வந்ததும் அதுல இருக்குற லெவல் ஷீட்ட (நில மட்டக் கணக்கு) இங்க போடுறேன், ஏஇ சார் கொஞ்சம் பாத்துச் சொல்லணும்.

பழைய ஏஇ:

போடுங்க. லெவல் ஷீட்டோட மண் பரிசோதனை போர் லாக்கும் இருக்கும், அதையும் சேர்த்துப் போடுங்க. அதுல எந்த மாசம் போர் போட்டாங்கன்னு முதல்ல பாருங்க, சித்திரை வைகாசியில போட்டிருந்தா தண்ணி மட்டம் 10 அடின்னு காட்டும், மொத்த டிசைனும் அத நம்பித்தான் இருக்கும்.